சத்தம் வராத ஃபிளாஷர்

"பிரிச்சுப் பாரு. சுவிட்ச்ல கோளாறு இருந்தா வண்டியை நான்தான் ஓட்டுவேன். கோளாறு இல்லன்னா இனிமே சாவியைத் தொட மாட்டேன். நீ சொல்றதுதான் தீர்ப்பு."

மாமா இப்படிச் சொல்லிவிட்டுச் சாவியை என் வேலை மேஜையில் வைத்தார். மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. காரை ஓட்டிக்கொண்டு வந்தது என் வீட்டுக்காரர். மாமா பக்கத்து சீட்டில் விறைப்பாக உட்கார்ந்து வந்திருந்தார். தன் வண்டியில் தானே சவாரி வருவது அவருக்கு எவ்வளவு அவமானம் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவள். தெருமுனையில் சொந்தமாக ஒரு தகர ஷெட் வைத்திருக்கிறேன். ஹாரன் அடிக்கவில்லை, லைட் எரியவில்லை, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது வந்து நின்றுகொண்டே இருப்பார்கள். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் மாமனாரின் மானத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மாமாவுக்கு இந்த வட்டாரத்தில் சிக்னல் மாஸ்டர் என்று பெயர். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் ஆளில்லாத தெருவில்கூட சிக்னல் போடாமல் திரும்ப மாட்டார்கள். போட்ட சிக்னலை அணைக்க மறந்தால் இன்னும் மோசம். "நீ திரும்பப் போறேன்னு சொல்லிட்டுத் திரும்பாமப் போனா அது பொய். ரோட்டுல பொய் சொல்றவன் ஆளைக் கொல்லுவான்" என்பார். இன்னொரு பாடமும் உண்டு. "கண்ணு ரோட்டுல இருக்கணும். சிக்னல் ஓடுதான்னு குனிஞ்சு டேஷ்போர்டைப் பாக்காதே. டிக்கு டிக்குன்னு சத்தம் வரும். அதைக் காது பாத்துக்கும்." எனக்கும் அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மருமகள் என்று ஒரு சலுகையும் கிடையாது. என் விரல் முட்டியும் அவருடைய மர ஸ்கேலைப் பார்த்திருக்கிறது.

அப்படிப்பட்ட மனிதர் போன வாரம் இடப்பக்க சிக்னலைப் போட்டபடியே தெரு தெருவாகப் போயிருக்கிறார். இடது பக்கச் சந்திலிருந்து சைக்கிளில் வந்த தையல்காரம்மா அதைப் பார்த்து, கார் சந்துக்குள் திரும்பப் போகிறது என்று நம்பி ரோட்டில் ஏறியிருக்கிறார். கார் திரும்பவில்லை. நேராகப் போனது. மட்கார்டு சைக்கிளின் பின்சக்கரத்தில் உரசி, அந்தம்மா விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நாலு பேர் ஓடிப்போய் பானெட்டில் தட்டிய பிறகுதான் மாமா வண்டியை நிறுத்தினார்.

"மணி அடிச்சேன். ஐயோ ஐயோன்னு கத்தினேன். திரும்பிக்கூடப் பாக்கல. இடிச்சுட்டு ஓடப் பாத்தாரு" என்று தையல்காரம்மா எல்லோரிடமும் சொன்னார்.

"மணியும் அடிக்கல, கத்தவும் இல்ல. அந்தம்மா புளுகுறா" என்று மாமா எல்லோரிடமும் சொன்னார்.

ஊர் மாமா பக்கம் நின்றது. சிக்னல் மாஸ்டர் பொய் சொல்லுவாரா? எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு கட்சி. என் வீட்டுக்காரர் அப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் தவறுகிறது, வண்டி ஓட்டியது போதும் என்றார். மாமாவோ, சிக்னல் லிவர் தானாக அணையாதது சுவிட்சின் கோளாறு, தன் கோளாறு இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்த இழுபறிதான் இப்போது என் ஷெட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

கிளம்பும் முன் என் வீட்டுக்காரர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"சுவிட்ச் எப்படி இருந்தாலும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிடு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"அடுத்த தடவை ஒரு சின்னக் குழந்தை குறுக்க வந்தா? அப்ப உன் உண்மையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? நீ சொன்னா அவர் கேப்பாரு. வாக்குக் கொடுத்தா மீற மாட்டாரு."

"முதல்ல பிரிச்சுப் பாக்கறேன், அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் வேலைக்குப் போனார். போனவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. என்னுடைய சங்கடமே வேறு. அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஆசையாகவே இருந்தது.

ஏனென்றால் மாமா என்னை மதிப்பதில்லை. அத்தை போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான் பெண். சமையலறையிலிருந்து "மாமா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் பதில் வராது. இன்னொரு முறை கூப்பிட்டாலும் வராது. அவர் மகன் தன் அறையிலிருந்து "அப்பா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், "என்னடா?" என்பார். பக்கத்து வீட்டு ஆள் வந்தால் மணிக்கணக்கில் பேசுவார். நான் பின்னால் நின்று ஏதாவது கேட்டால் சுவரோடு பேசிய மாதிரிதான். நான் ஷெட் போட்ட சமயத்தில் இது ஆரம்பித்தது. மருமகள் கிரீஸ் கையோடு வீடு திரும்புவது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். எனக்கும் ரோஷம் உண்டு. நானும் பேச்சைக் குறைத்தேன். தட்டை அவர் முன்னால் கொண்டுபோய் நங்கென்று வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரே கூரையின் கீழ் இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். மாமா ஒரு ஸ்டூலைக் கார் கதவுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஸ்டியரிங் நடுவில் இருக்கும் ஹாரன் பொத்தானை நெம்பி எடுத்தேன். உள்ளே பெரிய நட்டு. அதைத் தளர்த்தும் முன் ஸ்டியரிங்கிலும் தண்டிலும் உளியால் ஓர் அடையாளம் வைத்தேன். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஸ்டியரிங் கோணலாக உட்காரும். சிக்னல் அணையும் இடமும் தப்பிவிடும்.

"அடையாளம் வெச்சியா?" என்றார் மாமா.

"வெச்சாச்சு" என்றேன், தலையை நிமிர்த்தாமல்.

"அடையாளம் வெச்சியான்னு கேக்கறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு உளித்தடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்தேன்.

ஸ்டியரிங்கைப் பிடுங்கி எடுக்கும் புல்லரை மாட்டி இறுக்கியதும் ஸ்டியரிங் பட்டென்று விட்டுக்கொடுத்தது. அதன் கீழேதான் சிக்னல் சுவிட்ச். வட்டத் தகட்டில் இரண்டு சின்னக் கொக்கிகள், பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தலைமுடி போல மெல்லிய ஸ்பிரிங். நீங்கள் வண்டியைத் திருப்பிவிட்டு ஸ்டியரிங்கை நேராக்கும்போது, ஸ்டியரிங்கின் அடியில் இருக்கும் முளை இந்தக் கொக்கியைத் தட்டும். கொக்கி லிவரைத் தள்ளும். சிக்னல் அணையும். இவ்வளவுதான் சங்கதி.

பழைய கிரீஸ் அரக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் துடைத்தேன். வலப்பக்கக் கொக்கி நன்றாக இருந்தது. இடப்பக்கக் கொக்கியின் நுனி உடைந்திருந்தது. உடைந்த துணுக்கு தகட்டின் ஓரத்தில் கிரீஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இடது சிக்னல் தானாக அணைந்திருக்க வழியே இல்லை. மாமா சொன்னது அட்சரசுத்தமாக உண்மை.

எனக்கு வந்தது ஏமாற்றம். மறைத்து என்ன ஆகப்போகிறது? துணுக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இதை அப்படியே கழிவுத் துணியில் துடைத்துப் போட்டுவிட்டு, சுவிட்ச் நன்றாக இருக்கிறது மாமா என்று சொல்லிவிடலாம். பழைய ஸ்பேர் டப்பாவிலிருந்து வேறு கொக்கி எடுத்து மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து, பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை மாதிரி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். என்னால் கையை மூட முடியவில்லை.

"உடைஞ்சிருக்கு மாமா."

அவர் துணுக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூச்சை நீளமாக விட்டார். "நான் சொன்னேன்ல?" என்றார். துணுக்கைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி அதை வீடு வீடாகக் காட்டுவார் என்று நினைத்தேன். தையல்காரம்மா வீட்டு வாசல் உட்பட.

ஸ்பேர் டப்பாவில் தேடி, கொஞ்சம் ராவிச் சரிபண்ணி, ஒரு கொக்கியைப் பொருத்தினேன். காண்டாக்ட்களை உப்புத்தாளால் தேய்த்தேன். ஸ்டியரிங்கை அடையாளம் பார்த்து உட்கார வைத்து, பேட்டரியை இணைத்து, இடது சிக்னலைப் போட்டேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பி நேராக்கினேன். லிவர் டக்கென்று தன் இடத்துக்கு வந்தது. வலப்பக்கமும் அப்படியே.

"அது சரி. ஃபிளாஷரையும் பாரு" என்றார் மாமா. "அதுவும் போச்சு. நானும் மாத்தி மாத்திப் பாத்துட்டேன். இப்ப வர்றதெல்லாம் டூப்ளிகேட். வெளிச்சம் வருது, சத்தம் வரல."

ஃபிளாஷர் என்பது விளக்கை விட்டுவிட்டு எரிய வைக்கும் சின்னத் தகர டப்பி. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். டிக்கு டிக்கு என்று சத்தம் போடுவது அதுதான். குனிந்து பார்த்தேன். புத்தம் புதியதாக இருந்தது. சற்றுமுன் நான் சிக்னல் போட்டபோது டிக்கு டிக்கு என்று அடித்த மாதிரிதான் இருந்தது.

"இதையா மாத்தணும்?"

பதில் இல்லை. வழக்கம்தானே என்று விட்டேன். அவர் டேஷ்போர்டு அறையைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்து என் மேஜையில் கவிழ்த்தார். ஃபிளாஷர்கள் உருண்டன. ஏழெட்டு இருக்கும். சிலது பெட்டியோடு. எல்லாம் இவர் வாங்கி மாட்டி, சத்தம் இல்லை என்று கழற்றிப் போட்டவை.

என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. ஒரு ஃபிளாஷர் கெட்டுப் போகலாம். ஒரு குவியலே எப்படிக் கெடும்? மேஜையில் இருந்த சோதனை பேட்டரியில் ஒரு பல்பை இணைத்து, முதல் ஃபிளாஷரை மாட்டினேன். பல்பு சிமிட்டியது. டிக்கு டிக்கு டிக்கு. இரண்டாவதை மாட்டினேன். அதுவும் டிக்கு டிக்கு. எல்லாவற்றையும் வரிசையாக மாட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடக் கெடவில்லை. கடைசியாக மாட்டியது தகர மேஜையில் பட்டு மரங்கொத்தி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

மாமா என் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு தலையை ஆட்டினார்.

"பாத்தியா? எல்லாமே ஊமை."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, வம்பு இல்லை. டிக்கு டிக்கு என்று ஷெட்டே அதிர, அவர் ஃபிளாஷர் கம்பெனிக்காரர்களின் யோக்கியதையைப் பற்றி மனதார வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து அவருக்குப் பின்னால் போனேன். "மாமா, டீ சாப்பிடறீங்களா?" என்றேன், வீட்டில் பேசுகிற குரலில். அவர் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, ஷெட்டுல தீப்பிடிச்சிருக்கு." அவர் ஒரு ஃபிளாஷரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்போது தெருவில் போன ஒருவர் கட்டைக்குரலில் "என்ன மாஸ்டர், வண்டி சரியாச்சா?" என்றார். மாமா சட்டென்று திரும்பி, "ஆச்சு, ஆச்சு!" என்றார்.

ஆண்களின் கனத்த குரல் கேட்கிறது. மெல்லிய சத்தம் கேட்கவில்லை. ஃபிளாஷர் கேட்கவில்லை. சைக்கிள் மணி கேட்கவில்லை. பெண்ணின் கூச்சல் கேட்கவில்லை. சாப்பிட வாங்க என்று நான் கூப்பிட்ட அத்தனை நாளும் கேட்கவில்லை. நான் நங்கென்று தட்டை வைத்தபோது அது மட்டும் கேட்டிருக்கும்.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றேன்.

"மாமா, இது எல்லாமே சத்தம் போடுது."

"எது?"

"ஃபிளாஷர். ஒண்ணுகூட ஊமை இல்ல. உங்களுக்குத்தான் கேக்கல."

"உளறாதே. இப்ப நீ பேசறது கேக்கலியா?"

"முன்னால நின்னு என் வாயைப் பாத்துக்கிட்டிருக்கீங்க. பின்னால நின்னு டீ வேணுமான்னு கேட்டேன். தீப்பிடிச்சிருக்குன்னு சொன்னேன். நீங்க திரும்பல."

அவருக்குக் கோபம் வந்தது. மூக்கு விடைத்தது. "உன் புருஷன் சொல்லிக்கொடுத்தானா?" என்றார். அவர் கையைப் பிடித்து, விரல் நுனியை ஃபிளாஷர் டப்பியின் மேல் வைத்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் கையை நான் பிடித்ததில்லை.

டப்பி அவர் விரலுக்கு அடியில் துடித்தது. அவர் அதைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். விரலை எடுத்துவிட்டு, குனிந்து காதை டப்பியருகே கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு அதைக் கழற்றி அடுத்ததை மாட்டினார். விரலை வைத்தார். கழற்றினார். அடுத்தது. நான் தடுக்கவில்லை. குவியல் தீர்ந்தபோது ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

வண்டியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். சாவியைப் பற்றிக் கேட்பார், காதுக்கு மருந்து உண்டா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார்.

"அப்ப அந்தம்மா மணி அடிச்சிருக்கா?"

"அடிச்சிருக்காங்க மாமா."

"கத்தினாளா?"

"கத்தியிருக்காங்க."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "அந்தம்மா புளுகுறான்னு சொன்னேனே" என்றார். "போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் சொன்னேனே."

அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர், சாப்பாட்டு நேரத்தில் விஷயம் தெரிந்துகொள்ள ஓடி வந்தார். வந்ததும் என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்துத் துணுக்கைக் காட்டினார்.

"சுவிட்ச் உடைஞ்சுதான் இருந்தது. உன் பொண்டாட்டி உண்மையைச் சொன்னா."

என் வீட்டுக்காரர் முகம் இருண்டது. "அப்ப ஓட்டத்தான் போறீங்களா?"

"இல்ல. எனக்குக் காது கேக்கலடா." மேஜைமேல் இருந்த சாவியை எடுத்து மகன் கையில் வைத்தார். "கேக்காதவன் ஓட்டக் கூடாது. நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்."

"என்னப்பா சொல்றீங்க? எங்கிட்ட நல்லாத்தானே பேசறீங்க!"

"உன் குரல் கேக்குது. இவ குரல் கேக்கல" என்றார் மாமா. அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ பேசறதையே நிறுத்திட்டேன்னு நெனச்சேன்மா. ஷெட் வேலை அலுப்பு, கிழவன்கிட்ட என்ன பேச்சுன்னு விட்டுட்டா போலன்னு நெனச்சேன்."

நானும் அவரைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன். கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சாவியைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டியது கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவர் போல இருந்தார்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டார். "தையல்காரம்மா வீட்டுக்குப் போகணும். நீ வா" என்றார் என்னிடம்.

"நான் வர்றேன்பா" என்றார் மகன்.

"நீ வேண்டாம். அந்தம்மா பேசினா எனக்குக் கேக்காது. இவ வந்தா, அந்தம்மா என்ன சொன்னாலும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. நீ பூசி மெழுகுவே."

இரண்டு தெரு நடந்தோம். நான் ரோட்டுப் பக்கமாக நடந்தேன். பின்னால் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் அவர் முழங்கையைத் தொட்டேன், அவர் ஒதுங்கினார்.

தையல்காரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கை கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. மிஷினில் பாதி தைத்த சட்டை ஊசிக்கு அடியிலேயே நின்றிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

மாமா வாசற்படிக்குக் கீழேயே நின்றார். "நீங்க மணி அடிச்சீங்க. கத்தினீங்க. எனக்குக் காது கேக்கல. கேக்கலங்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். உங்களைப் பொய் சொல்றவங்கன்னு ஊர் பூரா சொன்னேன். அது தப்பு."

தையல்காரம்மா தரையைப் பார்த்தபடி ஏதோ தணிந்த குரலில் பேசினார். மாமா என் பக்கம் திரும்பினார். நான் ஒரு வினாடி தயங்கினேன். பூசி மெழுகுவது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது. பிறகு அவர் எதிரில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"எலும்பு கூடிடும், அதைப் பத்திப் பரவாயில்லங்கறாங்க. மணி அடிச்சேன்னு இவங்க சொன்னப்ப இவங்க வீட்டுலயே யாரும் நம்பலயாம். மாஸ்டர் பொய் சொல்ல மாட்டாரு, நீதான் கவனிக்காம ஏறியிருப்பேன்னு சொந்த வீட்டுக்காரரே சொன்னாராம். மகனும் அதையே சொன்னானாம். அதுக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு கேக்கறாங்க."

மாமா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வீட்டுல இருக்காங்களா?" என்று கேட்டார்.

தையல்காரம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். அவருடைய வீட்டுக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார், பின்னாலேயே மகனும். "அட, மாஸ்டர்! ஏன் வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க" என்று இருவரும் பதறினார்கள்.

மாமா உள்ளே போகவில்லை. படிக்குக் கீழேயே நின்று, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.